உயிர் காக்கும் உருக்குக் குழாய்: பழைய பந்தயக் கார்களுக்குப் புது எலும்புக்கூடு

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாண்டரே நகரில் ஒரு பழைய கார் ஏலத்துக்கு வந்தது. கேள்வி ஏறிக்கொண்டே போய் ஏலம் முடிந்தபோது, அதன் விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர்! நம் பணத்தில், அன்றைய மதிப்பில் சுமார் 92 கோடி ரூபாய்.

அந்தக் காரின் பெயர் கோப்ரா. 1962-ல் முதன் முதலாக உருவான கோப்ரா அதுதான்.

நல்ல பாம்பின் பெயர் தாங்கிய இந்தக் காருக்குக் கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, உருண்டு திரண்ட தோள், படமெடுத்துச் சீறுவது போன்ற தோற்றம். பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஆனால் 1960-களில் செய்யப்பட்ட அசல் கோப்ராக்கள் மொத்தம் சுமார் 1,000 தான். ஆசைப்படுகிறவர்களோ ஏராளம். அசலை வாங்கக் கோடீசுவரனாக இருக்க வேண்டும். அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்வது?

நகல் செய்துகொண்டார்கள்! அமெரிக்கா, இங்கிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இதற்கென்றே தொழிற்கூடங்கள் தோன்றின. பல்லாயிரம் நகல் கோப்ராக்கள் சாலைக்கு வந்துவிட்டன. இது கள்ளச்சரக்கு வியாபாரம் அல்ல. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இது நகல் என்று நன்றாகத் தெரியும்.

தோற்றத்தை நகல் எடுப்பது பெரிய காரியமும் அல்ல. அசல் காரின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சில் பைபர் கிளாசை வார்த்தால் அதே மூக்கும் அதே தோளும் வந்துவிடும். வண்ணம் பூசினால் அசல் எது, நகல் எது என்று பத்தடி தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பைபர் கிளாஸ் ஓடு எந்தப் பாரத்தையும் தாங்காது. அது சட்டை மாதிரி. என்ஜினையும் சக்கரங்களையும் ஓட்டுகிறவரையும் தாங்குவது, சட்டைக்குள்ளே மறைந்திருக்கும் எலும்புக்கூடு. பட்டறையில் 'சேஸிஸ்' என்று சொல்லப்படும் அடிச்சட்டம்தான் அது. அழகை அச்சில் வார்த்துவிடலாம். பலத்தை அப்படி வார்க்க முடியாது. அதை ஒருவர் கணக்குப் போட்டு, குழாயை அளந்து வெட்டி, நெருப்பில் பற்றவைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

ஏணியில் பிறந்த பாம்பு

கோப்ராவின் பூர்வீகம் இங்கிலாந்து. ஏ.சி. என்ற சிறிய கம்பெனி 1953-ல் 'ஏஸ்' என்ற காரை வெளியிட்டது. ஜான் டோஜீரோ என்பவர் பந்தயத்துக்காக அமைத்த ஓர் அடிச்சட்டம்தான் அதற்கு ஆதாரம். 3 அங்குல விட்டமுள்ள இரண்டு உருக்குக் குழாய்கள் பக்கத்துக்கு ஒன்றாக நீள வாக்கில் ஓடும். குறுக்கே சில இணைப்புகள். படுக்க வைத்த ஏணி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதில் இருந்த என்ஜின் 2 லிட்டர் அளவு. அதற்கு அந்த ஏணி போதுமானதாக இருந்தது.

1961-ல் அந்தக் கம்பெனிக்கு என்ஜின் கிடைப்பது சிக்கலாயிற்று. அப்போது வந்து சேர்ந்தவர் அமெரிக்கரான கரோல் ஷெல்பி. 1959-ல் பிரான்சின் புகழ்பெற்ற 24 மணி நேர லெ மான் பந்தயத்தை வென்றவர். இருதய நோயால் பந்தயத்தை விட்டவர். இங்கிலாந்தின் லேசான காருக்குள் அமெரிக்காவின் போர்டு வி-8 என்ஜினை வைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். 1962-ல் 4.2 லிட்டர் என்ஜினுடன் கோப்ரா பிறந்தது.

அதோடு நிற்கவில்லை. 4.2 போய் 4.7 வந்தது. பிறகு 7 லிட்டர் என்ஜின் மீது ஆசை வந்தது. 1964-ல் பழைய அடிச்சட்டத்திலேயே அந்தப் பெரிய என்ஜினை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கார் அடங்க மறுத்தது. மாட்டு வண்டியில் யானையைக் கட்டிய கதைதான்!

1965-ல் அடிச்சட்டத்தைப் புதிதாக அமைத்தார்கள். 3 அங்குலக் குழாய்கள் 4 அங்குலமாயின. பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. இன்று உலகெங்கும் நகல் எடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த அகன்ற கோப்ராவைத்தான்.

ஒரே ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். உருக்கின் கனம் ஒன்றாகவே இருந்தால், 3 அங்குலக் குழாயை 4 அங்குலமாக்கும்போது எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது.

ஈரத்துணி போல

காரின் அடிச்சட்டத்துக்கு முதல் எதிரி இந்த முறுக்குதான்.

இடது முன் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறுகிறது. அதே நேரத்தில் வலது பின் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. மழைக்காலத்து மும்பைச் சாலையில் இது நாள்தோறும் நடப்பது. அப்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல அடிச்சட்டம் முறுக்கப்படுகிறது.

அடிச்சட்டம் இளகினால் சக்கரங்கள் காட்டிய திசையில் நிற்காது. ஸ்டீரிங்கை ஒடித்த பிறகு கார் சற்றுத் தாமதமாகத் திரும்பும். வளைவில் ஒரு மாதிரியும், வளைவு முடியும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். 400 குதிரை சக்தியுள்ள காரில் அந்தக் கண நேரத் தாமதம் உயிருக்கே உலை வைக்கும்.

இந்த முறுக்கைத் தாங்குவதில் குழாய்க்கு நிகர் கிடையாது. அதை அறிய, உங்கள் கையில் இருக்கும் இந்தச் செய்தித்தாளே போதும்.

ஒரு தாளை மணிக்கட்டு அளவுக்குக் குழாயாகச் சுருட்டுங்கள். ஓரத்தை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். தாள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, சுலபமாகத் திரும்பிவிடும். இப்போது ஓரம் முழுவதையும் பசை போட்டு ஒட்டி, காய்ந்த பின் முறுக்குங்கள். அதே தாள்தான், ஆனால் கையை எதிர்க்கும்.

உருக்கிலும் அதே கதைதான். 2 மில்லி மீட்டர் கனமுள்ள 3 அங்குலக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடாகக் கீறிவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காக விழுந்துவிடும். உருக்கு அதே அளவுதான் இருக்கிறது. வட்டம் உடைந்ததுதான் குற்றம்.

இன்னொரு கணக்கு. 25 மில்லி மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே எடை உருக்கை 75 மில்லி மீட்டர் குழாயாகச் செய்தால், சுவரின் கனம் 2 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். அந்தக் குழாயின் முறுக்கு விறைப்பு, கம்பியுடையதைப்போல 17 மடங்கு! புயலில் மூங்கில் நிற்பதும் இதே தத்துவத்தால்தான்.

முக்கோணத்தின் மகிமை

குழாய் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதை எப்படிச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம்.

நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு ஓர் ஆணி அடியுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் குறுக்கே அடித்துவிட்டால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. ஹௌரா பாலம், மின்சாரக் கோபுரம், ஓட்டு வீட்டுக் கூரை எல்லாம் இந்த முக்கோணத்தை நம்பி நிற்பவைதான்.

இதையே காருக்குக் கொண்டுவந்தால் பெரிய குழாய்களே தேவையில்லை. சிறு குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துக் கூண்டு போலக் கட்டிவிடலாம். 1952-ல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். இப்படி வந்து லெ மான் பந்தயத்தை வென்றது. 1959-ல் இத்தாலியின் மசராட்டி, சுமார் 200 சிறு குழாய்களால் ஒரு காரைக் கட்டியது. அந்தக் கூண்டின் எடை சுமார் 36 கிலோதான். பார்த்தவர்கள் 'பறவைக் கூண்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் முக்கோணம் போட முடியாது. மனிதன் உட்கார இடம் வேண்டுமே! இருக்கைகள் உள்ள பகுதியில் மேல்புறம் திறந்தே கிடக்கும். கூண்டின் பலவீனமான இடம் அதுதான். மெர்சிடிஸ் கம்பெனியார் அதை ஈடுகட்ட, பக்கவாட்டுக் குழாய் வேலையை உயர்த்திக் கட்டினார்கள். அதனால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லாமல் போயிற்று. பறவை சிறகு விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை வைத்தார்கள். 1954-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கதவைப் பார்த்து ஊரே வியந்தது. அலங்காரமாகத் தெரிந்த அது, உண்மையில் அடிச்சட்டம் செய்த கட்டாயம்!

குழாய்க் கதையில் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1961-ல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் காரின் முன்பகுதிச் சட்டம் 'ரெய்னால்ட்ஸ் 531' என்ற குழாயால் ஆனது. சைக்கிள் பந்தய வீரர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் அது. ரெய்னால்ட்ஸ், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தினருடன் சேர்ந்து 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. 1955-ல் ஆவடியில் உருக்குக் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது.

250 பவுண்டுக்குக் கார்

நகல் கார்களில் கோப்ராவுக்கு இணையாகப் பெயர் பெற்றது லோட்டஸ் செவன். 1957-ல் காலின் சாப்மன் வெளியிட்ட சிறிய கார். இதில் இருப்பது பெரிய ஏணி அல்ல. சிறு குழாய்க் கூண்டு.

அந்த நாளில் இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது. சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார், கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் படித்துப் பூட்டிக்கொள்ளட்டும் என்று! இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. 1973-ல் செவன் காரின் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போனது.

1996-ல் ரான் சாம்பியன் என்ற இங்கிலாந்து ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுண்டு செலவில் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்பது அதன் தலைப்பு. ஓர் அங்குலச் சதுரக் குழாய், சுவரின் கனம் 1.6 மில்லி மீட்டர், பழைய போர்டு கார் ஒன்றின் என்ஜின், ஒரு வெல்டிங் யந்திரம். இவற்றைக் கொண்டு செவன் சாயலில் கார் கட்டும் வழியை அளவுகளோடு கொடுத்தார். குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் பள்ளி மாணவர்களும் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டத் தொடங்கினார்கள்.

நெருப்பின் இழுப்பு

இங்கேதான் வெல்டரின் கைத்திறன் வருகிறது.

குழாய்களை நேராக வெட்டி ஒட்டவைத்துவிட முடியாது. உருண்டைக் குழாயின் மேல் இன்னொரு குழாய் உட்கார வேண்டுமானால், முனையை வளைவாக வெட்டி அரத்தால் ராவ வேண்டும். வெளிச்சம் புகாத அளவுக்கு உட்கார்ந்தால் பற்றவைப்பு நன்றாகப் பிடிக்கும். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பி மறைப்பவர் காரை அல்ல, ஆபத்தைக் கட்டுகிறார்.

அடுத்தது ஜிக். கனமான, சமமான மேசையில் எல்லாக் குழாய்களையும் அசையாமல் பிடித்துவைத்து, முதலில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக 'டேக்' வைப்பார்கள். மூலைக்கு மூலை அளந்து பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முழுப் பற்றவைப்பு.

அப்போதும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கக் கூடாது. சூடான உருக்கு ஆறும்போது சுருங்கி இழுக்கும். இடப்பக்கம் ஒரு மூட்டு, வலப்பக்கம் ஒரு மூட்டு என்று மாற்றி மாற்றிப் போனால் இழுப்பு ஒன்றையொன்று சரிக்கட்டும். அவசரப்பட்டால் அடிச்சட்டம் வாழைப்பழமாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தவறுகள்

நகல் காரைக் கெடுக்கும் தவறுகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

தண்ணீர்க் குழாயான ஜி.ஐ. பைப்பைக் காருக்குப் போடுவது ஒன்று. அது தண்ணீர் கொண்டுபோகச் செய்யப்பட்டது. வாகனத்தின் பாரத்தைத் தாங்க அல்ல. மேலே உள்ள துத்தநாகப் பூச்சு பற்றவைப்பையும் கெடுக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர் காய்ச்சல் வந்ததுபோல உடம்பு நடுங்கும். ஜி.ஐ. கைப்பிடி வேலை செய்யும் தோழர்கள் இதை அறிவார்கள்.

மெல்லிய குழாயைத் துளைத்து நேராகப் போல்ட்டை முடுக்குவது இன்னொன்று. முடுக்க முடுக்கக் குழாய் நசுங்கும். துளைக்குள் ஒரு சிறு குழாய்த் துண்டை நிறுத்திப் பற்றவைத்து, அதற்குள்ளே போல்ட்டைச் செலுத்துவதே முறை. இல்லையேல் துளை வழியே தண்ணீர் புகுந்து, உள்ளிருந்து துரு அரிக்கும்.

சக்கரத்தைத் தாங்கும் கைகளைக் குழாயின் நடுவில் பொருத்துவது மூன்றாவது. பாரம் எப்போதும் பல குழாய்கள் கூடும் மூட்டில் விழ வேண்டும். நடுவில் விழுந்தால் குழாய் வளையும்.

நான்காவது, அழகுக்காகப் பற்றவைப்பைக் கிரைண்டரால் வழவழப்பாகத் தேய்ப்பது. வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும். மூட்டில் இருந்த உருக்கு தூசியாகப் போயிருக்கும்.

ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னே நிற்கும் வளையத்துக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். கார் கவிழ்ந்தால் தலை தப்புவது அதனால்தான். சர்வதேச மோட்டார் பந்தய விதிகளின்படி பாதுகாப்புக் கூண்டின் முக்கிய வளையத்துக்கு, பற்றவைத்த கோடு இல்லாத குழாயில் குறைந்தது 45 மில்லி மீட்டர் விட்டமும் 2.5 மில்லி மீட்டர் கனமும் வேண்டும். அல்லது 50 மில்லி மீட்டர் விட்டமும் 2 மில்லி மீட்டர் கனமும் வேண்டும். கடையில் கிடைத்ததை வளைத்து நிறுத்தி, குரோம் பூசினால் அது வளையமல்ல, வெறும் அலங்காரம்.

விரிசல் காட்டும் சாக்பீஸ்

நன்றாகக் கட்டிய அடிச்சட்டமும் களைத்துப்போகும். லட்சக்கணக்கான முறை குலுங்கிய பிறகு, பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் தொடங்கும்.

1969-ல் வந்த போர்ஷ் 917 பந்தயக் காரில் இதற்கு ஓர் அபூர்வ வழி கண்டார்கள். அதன் அலுமினியக் குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து, ஒரு மீட்டரையும் வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்! 1970, 1971 இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை அந்தக் கார் வென்றது.

சாதாரணப் பட்டறைக்கு அத்தனை வசதி வேண்டாம். மூட்டைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசலில் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் கோடாகத் தெரியும். பழைய பட்டறைகளின் சோதனை இது.

இந்தியாவில்...

இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய கார்கள் ஒவ்வொன்றும் 1998 முதல் அரசின் தனிச் சோதனையில் தேறிய பிறகே சாலைக்கு வரவேண்டும் என்று விதி வந்தது. 2009-ல் அந்தச் சோதனை மேலும் விரிவாக்கப்பட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. புது மாதிரி வாகனத்தைத் தயாரித்து விற்க, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதனையில் தேற வேண்டும். இருக்கும் காரையும் மனம்போல மாற்ற முடியாது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆகவே, "பழைய காரின் என்ஜினை எடுத்து நகல் கார் கட்டித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், அதைப் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

முறைப்படி செய்தவர்களும் உண்டு. மும்பைக்கு எதிர்க்கரையில், அலிபாக் பகுதியில் இயங்கிய சின்காரா மோட்டார்ஸ், லோட்டஸ் செவன் சாயலில் ஒரு காரை உருவாக்கியது. உள்ளே உருக்குக் குழாய்க் கூண்டு, வெளியே பைபர் கிளாஸ், முன்னே அம்பாசிடர் காரில் வந்த அதே 1.8 லிட்டர் இசுசு என்ஜின்!

என்ஜினீயரிங் மாணவர்களுக்கும் இந்த வித்தையில் பயிற்சி கிடைக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் 2007-ல் தொடங்கிய 'பாஹா' போட்டிக்கு, மாணவர்களே குழாய்க் கூண்டு கட்டி வண்டியோடு வருகிறார்கள். கூண்டின் உருக்கில் குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் இருக்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், கூண்டு தேறாவிட்டால் வண்டி களத்தில் இறங்க முடியாது.

கண்காட்சியில் நகல் கோப்ராவைச் சுற்றி நிற்பவர்கள் வண்ணத்தைப் புகழ்வார்கள், வளைவைப் புகழ்வார்கள், என்ஜினைத் திறந்து காட்டச் சொல்வார்கள். குனிந்து அடியில் பார்ப்பவர் அபூர்வம். அங்கே குழாயும் குழாயும் சேரும் இடத்தில் பற்றவைத்தவரின் பெயர் எழுதியிருக்காது. ஆனால் மழை நாளில், ஈரச் சாலையில், எதிரே திடீரென ஒரு லாரி வந்து, பிரேக்கை அழுத்தி ஸ்டீரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு விநாடியில், காருக்குள் இருக்கும் இரண்டு உயிர்களும் நம்பியிருப்பது அவருடைய கையைத்தான்.